தண்டவாளத்துக்கு அருகில், நிலையத்துக்குத் தொலைவில்

சென்னை வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறிப் பெருங்குடி, தரமணி, திருவான்மியூர் என்று வரும் வழியில், இருபுறமும் எழும் அடுக்குமாடிகளைக் கவனிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. முதலில் தகரத் தடுப்பு வரும், பிறகு அடித்தளத் தூண்களுக்காக மண்ணைத் துளைக்கும் பைலிங் இயந்திரம் வரும், அதன்பின் தோண்டிய பள்ளத்திலிருந்து இரவும் பகலும் மோட்டார் வைத்து நீர் இறைப்பார்கள். சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதி என்பதால் அந்தக் கட்டத்தில் வேலை நகர்வதே தெரியாது. தரைக்கு மேலே வந்துவிட்டாலோ, லிப்ட்டுக்கான கான்கிரீட் சுவர் முன்னே ஏற, அலுமினியப் பலகை அடைத்துத் தளம் தளமாக வார்த்துக்கொண்டே போகிறார்கள். ஒரு மழைக்காலத்தில் வெறும் பள்ளமாக இருந்த இடம் அடுத்த மழைக்காலத்தில் பச்சை வலை போர்த்திய கோபுரமாக நிற்கிறது.

உயரமான கட்டடங்கள் வருவதில் எனக்கு மறுப்பு இல்லை. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019, உயரம் 18.30 மீட்டரைத் தாண்டும் கட்டடங்களுக்குத் தளப்பரப்புக் குறியீட்டை, அதாவது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற அளவை, 3.25 என்றும், அதற்குக் குறைந்தவற்றுக்கு 2 என்றும் வைத்திருக்கின்றன. ரயில் ஓடும் இடத்தில் கூடுதலான மக்கள் குடியிருப்பது நகரத்துக்கு நல்லதுதான். ஆனால் அப்படிக் குடியேறும் மக்கள் ரயிலில் ஏறுகிறார்களா என்பதை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

விளம்பரத்தில் "ரயில் நிலையம் ஐந்து நிமிடத்தில்" என்று போடுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடியிருப்பில் பால்கனியில் நின்றால் நடைமேடையில் வண்டி நிற்பது தெரியும். அறிவிப்புகூடக் காதில் விழும். அங்கிருந்து நிலையத்துக்குப் போக வேண்டுமானால், தண்டவாளத்துக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் ஒரே வாசல் வழியாகப் பிரதான சாலைக்கு வந்து, டிரான்ஸ்பார்மரும் நிறுத்தி வைத்த வண்டிகளும் விட்டுவைத்த இடுக்கில் நடந்து, சுற்றி வர வேண்டும். மதில் நெடுகிலும் ஒரு சிறு கதவுகூடக் கிடையாது. ஒரு வாரம் அப்படி நடந்து பார்ப்பவர், மறுவாரம் வண்டிச் சாவியை எடுத்துவிடுகிறார். ரயிலுக்கு அருகில் என்று சொல்லி விற்ற வீட்டிலிருந்து இன்னொரு கார்தான் ராஜீவ் காந்தி சாலைக்கு வந்து சேர்கிறது.

கட்டுபவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. விதி கேட்காததை அவர்கள் ஏன் செய்யப்போகிறார்கள்? ரயில்வே எல்லையிலிருந்து 30 மீட்டருக்குள் கட்டுவதென்றால் ரயில்வேயின் தடையின்மைச் சான்று வேண்டும். அங்கே பார்க்கப்படுவது பாதுகாப்பு: பள்ளம் தோண்டும்போது பாதையோரம் சரியக்கூடாது, கிரேனின் கை 25,000 வோல்ட் கம்பியின் பக்கம் திரும்பக்கூடாது, கழிவுநீர் தண்டவாளத்துக்கு வரக்கூடாது. இவை அனைத்தும் தேவையானவையே. திட்ட அனுமதி தரும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ. தன் பங்குக்கு எத்தனை கார் நிறுத்துமிடம் என்று எண்ணிப் பார்க்கிறது. நிலையத்துக்கு நடந்து போகும் வழியைக் கேட்பதுதான் எவருடைய வேலையாகவும் இல்லை. இதையெல்லாம் ஒருங்கிணைக்க வேண்டிய சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கான (கும்டா) சட்டம் 2010லேயே இயற்றப்பட்டது என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன்.

இதற்குப் புதிதாக நிலம் எடுக்க வேண்டியதில்லை. உயரமான கட்டடத்தைச் சுற்றிக் குறைந்தது 7 மீட்டர் காலியாக விட வேண்டும். உயரம் கூடக்கூட அதுவும் கூடும். தீயணைப்பு வண்டி சுற்றி வருவதற்கான அந்த இடம், தண்டவாளப் பக்கத்தில் பெரும்பாலும் ஜெனரேட்டருக்கும் விருந்தினர் கார்களுக்கும் போய்விடுகிறது. அதன் ஓரத்தில் இரண்டு மீட்டரைப் பொது நடைபாதையாக ஒதுக்கி, அடுத்தடுத்த மனைகளின் நடைபாதைகள் ஒன்றோடொன்று சேர்ந்து நிலையத்தில் முடியும்படி, திட்ட அனுமதியிலேயே நிபந்தனையாக எழுதினால் போதும். தீயணைப்பு வண்டிக்கு வேண்டிய அகலம் குறையாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஹாங்காங்கில் 484 மீட்டர் உயரக் கோபுரம் நிற்கும் கவுலூன் நிலைய வளாகத்தில், வீட்டு லிப்ட்டில் இறங்கினால் வணிக வளாகம், அதன் கீழே ரயில். கட்டட வருமானத்தில் ரயில் நிறுவனத்துக்கும் பங்கு உண்டு. அந்த அளவுக்கு நாம் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பறக்கும் ரயில் நிலையங்களிலும் கடைகளுக்கென்று தளங்கள் கட்டினோம். திருமயிலை நிலையத்தின் பிரம்மாண்டமான உள்வெளியைப் பார்த்தவர்களுக்கு அது என்ன ஆயிற்று என்பது தெரியும். சுற்றியுள்ள தெருக்களிலிருந்து எளிதாக வர முடியாத இடத்தில் யார் கடை போடுவார்கள்?

பொதுவழி விட்டால் வெளியாட்கள் வருவார்கள் என்று குடியிருப்போர் நலச் சங்கங்கள் மறுப்பார்கள் என்பதை அறிவேன். நடைபாதையை மதிலுக்கு வெளியே விட்டு, உள்ளே வரும் கதவுக்குக் காவலாளியையோ அடையாள அட்டையையோ வைத்துக்கொள்ளட்டும். மின்விளக்கும் பராமரிப்பும் மாநகராட்சியின் பொறுப்பாக இருக்க வேண்டும். சங்கத்தின் தலையில் கட்டினால் முதல் மாதமே பூட்டுப் போட்டுவிடுவார்கள். 2027 முதல் 2046 வரைக்கான மூன்றாம் முழுமைத் திட்டத்தைத் தயாரிக்கும் சி.எம்.டி.ஏ., அனுமதி கிடைத்து இன்னும் பள்ளம் தோண்டாத மனைகளிலிருந்தாவது இதைத் தொடங்கலாம். வாசல் எங்கே என்பதை வரைபடத்தில் மாற்றுவது சுலபம்; இருபது மாடி எழும்பிய பிறகு மதிலை இடிக்கச் சொன்னால் நீதிமன்றத்தில்தான் போய் நிற்கும்.