ஆறாம் வகுப்புக்கு வளையலை அடகு வைக்கலாமா?

எங்கள் தறிக்குடோனில் வேலை செய்யும் பெண் ஒருவர் நேற்றுச் சாயங்காலம் கேட்டார். "ஏனுங்ணா, பையன் அஞ்சாவது முடிக்கறான். பிரைவேட்டுல சேத்தலாம்னு இருக்கறோம். வளையலை வெச்சாத்தான் டேர்ம் பீஸ் கட்ட முடியும். என்ன பண்ணட்டுங்க?" உடனே பதில் சொல்ல முடியவில்லை. ராத்திரி முழுக்க அதே நினைப்பு.

என் பெரிய மகள் 2016-ல் பிளஸ் டூ முடித்தாள். அப்போது எங்கள் பல்லடம் பக்கம் பத்தாவதில் நல்ல மார்க் வாங்கினால் அடுத்த பேச்சே நாமக்கல் விடுதிப் பள்ளிகள்தான். நானும் நான்கு தறியை விற்று அப்படி ஒரு பள்ளியில் சேர்த்தேன். பிளஸ் ஒன் பாடத்தை ஒப்புக்குத் தொட்டுவிட்டு, இரண்டு வருடமும் பிளஸ் டூ புத்தகத்தையே மனப்பாடம் செய்ய வைத்தார்கள். மார்க் வந்தது. இன்ஜினியரிங் முதல் செமஸ்டரிலேயே கணக்கில் அரியர். "அப்பா, இதெல்லாம் பதினொண்ணாவதுல இருந்துச்சாமா, எங்களுக்கு நடத்தவே இல்லீங்ப்பா" என்று போனில் அழுதாள். மாநில ரேங்க் அறிவிப்பை 2017-ல் நிறுத்தினார்கள். 2018 மார்ச்சில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. அவளுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

சின்னவளை அந்த 2016-லேயே அரசுப் பள்ளியில் ஆறாவது சேர்த்தேன். கையில் பணம் இல்லை, அதுதான் காரணம். சொந்தக்காரர்கள் பேசிய பேச்சு கொஞ்சமா நஞ்சமா! பள்ளியிலும் குறை இருந்தது. அவள் ஒன்பதாவது படிக்கும்போது கணக்கு டீச்சர் மாறுதலில் போய்விட, மாதக்கணக்கில் ஆள் இல்லை. ஏழெட்டுப் பெற்றோர் சேர்ந்து தலைமையாசிரியரைப் பார்த்தோம். பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலம் தற்காலிகமாக ஒரு டீச்சரைப் போட்டார்கள். கழிப்பறைக்குத் தண்ணீர் வராதபோதும் அப்படித்தான். தறியை நிறுத்திவிட்டு நான் போய் நின்ற நாட்கள் நிறைய.

யோசித்துப் பார்த்தால் பெரியவளின் பள்ளிக்கு பீஸ் கட்டத் தவிர நான் போனதே இல்லை. இவ்வளவு கட்டுகிறோம், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிட்டேன். நான் கட்டிய பணத்தில் பெரும்பங்கு, நான் கவனிக்காமல் இருப்பதற்குக் கொடுத்த கூலி என்றுதான் இப்போது தோன்றுகிறது. அவள் நோட்டை ஒரு தடவை புரட்டியிருந்தால்கூடத் தெரிந்திருக்கும்.

சின்னவள் 2023-ல், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் கோவை ஜிசிடியில், அதாவது அரசு இன்ஜினியரிங் கல்லூரியில், சேர்ந்தாள். கல்லூரிக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசு கட்டுகிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்களுக்கான புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வருகிறது. 2024-ல் பையன்களுக்கும் அதே மாதிரி தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்துவிட்டது. ஆனால் இந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். எட்டாவதில் கையில் காசு தீர்ந்து பிள்ளையை மாற்றுகிறவர்களுக்கு அது கிடைக்காது. எத்தனை பேருக்கு இது தெரியாமலே போகிறது!

பக்கத்தில் ஒழுங்கான அரசுப் பள்ளியே இல்லாமல் தனியாரில் சேர்ப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் ஊரில் இருக்கிறது. இங்கிலீஷ் மீடியமும் இருக்கிறது.

காலையில் அந்தப் பெண்ணிடம் இதையெல்லாம் சொன்னேன். "கணக்கு, இங்கிலீஷுக்கு டீச்சர் இருக்காங்களான்னு மொதல்ல நேர்ல பாத்துருவோம், அப்புறம் வளையலைப் பத்திப் பேசிக்கலாம் அம்மிணி" என்றேன். திங்கட்கிழமை பையனையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் போகிறோம்.