88-ம் சங்கீதமும் சங்கீதம்தான்

வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டத்தில் ஓர் அக்கா வேதத்திலிருந்து 88-ம் சங்கீதத்தை வாசித்துக்கொண்டிருந்தபோது மைக்கை அணைத்தது யார் என்று நான் கேட்கப் போவதில்லை. அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். இல்லாதவர்களுக்கு அன்று இரவே புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) போய்ச் சேர்ந்திருக்கும். மலேசியாவில் நம் சுங்கை சிப்புட் ஊரில், பஜாரில் ஒருத்தர் தும்மினால் தோட்டத்திலிருந்து "நூறு" என்று வாழ்த்து வரும்.

இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை இரவு சபைக் குழுவில் அந்த அறிவிப்பு வந்தது. இனிமேல் விசுவாசத்தைக் கட்டியெழுப்பும் சங்கீதங்களை மட்டும் வாசிக்க வேண்டுமாம், சோர்வூட்டும் பகுதிகளைத் தவிர்க்க வேண்டுமாம். அடியில் மூன்று கும்பிடும் கை. அதைப் பார்த்த பிறகும் சும்மா இருந்தால் எங்கம்மா என்னை மன்னிக்க மாட்டார்.

சோர்வூட்டும் பகுதி. வேதப் புத்தகத்தில். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

அந்த அக்கா மகனைப் பறிகொடுத்து இன்னும் 40 நாள்கூட ஆகவில்லை. ஈப்போவில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு கப்சாய் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த பிள்ளை. அன்றைக்கு வாசிப்பு முறை அக்காவுக்கு. எழுந்தார், 88-ஐ எடுத்தார். சத்தம் போட்டுக்கூட வாசிக்கவில்லை. 10-ம் வசனத்தில், "மரித்தவர்களுக்கு அதிசயங்களைச் செய்வீரோ?" என்று கேட்ட இடத்தில் மைக் டக்கென்று நின்றது. கீபோர்டு ஆரம்பித்தது. எல்லாரும் கை தட்டினோம். ஆமாம், நானும்தான் தட்டினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அக்கா கொஞ்ச நேரம் உதட்டை அசைத்துக்கொண்டு நின்றார். அப்புறம் வேதத்தை மூடிவிட்டு உட்கார்ந்தார்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். சங்கீதம் 150. அதில் மூன்றில் ஒரு பங்காவது அழுகை. "எதுவரைக்கும்?" என்று கேட்பது, "ஏன் மறந்தீர்?" என்று கேட்பது, ராத்திரி முழுக்க அழுது படுக்கையை நனைப்பது, எல்லாம் அதில்தான் இருக்கிறது. யாரும் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்து செருகவில்லை. 23-ஐப் பாடிய அதே தாவீதின் பெயரில்தான் அதற்கு முந்தின பக்கத்தில், "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்று 22-ம் இருக்கிறது. பக்கத்தைத் திருப்பக்கூட வேண்டாம், பல வேதங்களில் இரண்டும் ஒரே விரிப்பில் இருக்கும்.

88 கொஞ்சம் கடினமான சங்கீதம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். மற்ற புலம்பல்கள் பெரும்பாலும் கடைசியில் "ஆனாலும் உம்மை நம்புவேன்" என்று திரும்பிவிடும். இது திரும்பாது. 18 வசனமும் இருட்டு. ஆனால் முதல் வரியைப் பாருங்கள்: "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே, இரவும் பகலும் உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன்." நம்பிக்கை இல்லாதவன் எதற்கு இரவும் பகலும் கூப்பிடப் போகிறான்? உள்ளே ஆள் இருக்கிறார் என்று தெரிந்த வீட்டுக் கதவைத்தான் விடாமல் தட்டுவோம். இதைச் சோர்வு என்று சொல்பவர்களுக்கு நம்பிக்கை என்றால் என்னவென்று யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை.

எங்கம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய ஆட்கள் பலருக்கு அவரைத் தெரியும்.

அம்மாவுக்கு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை. மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார், விரலை வரிக்கு அடியில் வைத்துக்கொண்டு. பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுப்புக்குப் போகுமுன், நாலரை மணிக்கு, பால் சேர்க்காத ஒரு கோப்பி ஓ, ஒரு சங்கீதம். வரிசைப்படி. இன்றைக்கு 14 என்றால் நாளைக்கு 15. 119-க்கு மட்டும் சலுகை உண்டு. 176 வசனம், லயத்து வரிசை வீட்டில் அடுப்பு காத்திருக்குமா? அதை எட்டு எட்டாக 22 நாளுக்குப் பிரித்துக்கொள்வார். மற்றபடி எதையும் தாண்ட மாட்டார்.

சின்ன வயதில் நான் கேட்டிருக்கிறேன், "ஏம்மா, பிடிச்சதை மட்டும் படிச்சா என்ன?" என்று. அம்மா சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "நிரையில நிக்கிற மரத்தையெல்லாம் வெட்டணும். பால் குறைச்சலா வர்ற மரம்னு தாண்டிப் போனா கங்காணி என்ன கேப்பாரு தெரியுமா?"

விடியற்காலையிலேயே வெட்டத் தொடங்க வேண்டிய தொழில் அது. வெயில் ஏறினால் பால் சீக்கிரம் நின்றுவிடும். மழை பெய்து மரம் நனைந்தால் வெட்டே கிடையாது, வெட்டு இல்லாத நாளுக்குச் சம்பளம் சரியாகக் கிடைக்காது. அதனால் எங்கள் வீட்டில் வானத்தைப் பார்த்துத்தான் சோறு. மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்" முறைக்கு வந்தாலும் அம்மா வாசிப்பார். நல்ல சம்பள வாரத்தில் "எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" வந்தாலும் வாசிப்பார். அன்றைக்கு நமக்கு ஒத்து வருகிறதா என்று பார்த்து எடுப்பதே இல்லை. நமக்கு ஒத்து வராத நாளில் வேறு யாருக்கோ ஒத்து வருகிறது, அவர்களுக்காக வாசி என்பார்.

அப்பா இறந்தது 1984-ல். எனக்கு 11 வயது. லயத்து வாசலில் பந்தல். பக்கத்து வீட்டு அக்காமார், அத்தைமார் எல்லாரும் இந்துக்கள். வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். சபையிலிருந்து வந்த உபதேசியார் சங்கடப்பட்டார், "நாம் இப்படி அழக்கூடாதும்மா" என்றார். அம்மா அவருக்குப் பதிலே சொல்லவில்லை. கூட அழுதார். இப்போது யோசித்தால், 88 என்பது என்ன? அது இஸ்ரவேலின் ஒப்பாரிதானே. அதைக் காது கொடுத்துக் கேட்கத் தெரிந்தவர்கள் அந்த லயத்து அத்தைமார்.

அடக்கம் முடிந்து எல்லாரும் போன பிறகு, மறுநாள் விடியற்காலையில் அம்மா வேதத்தை எடுத்தார். அன்றைக்கு முறை 100. "பூமியின் குடிகளே, எல்லாரும் கர்த்தரைக் கெம்பீரமாய்ப் பாடுங்கள்." விரல் "கெம்பீரமாய்" என்பதில் நின்றுவிட்டது. ரொம்ப நேரம் நின்றது. பிறகு ஐந்து வசனத்தையும் வாசித்தார். வாசித்து முடித்து, "ஆண்டவரே, இன்னிக்கு என்னால பாட முடியாது. நாளைக்குப் பாடுறேன்" என்று சொல்லிவிட்டு மூடினார். கட்டிலில் தூங்குவது போலப் படுத்திருந்த நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் கடவுளை நம்புகிறேன் என்றால் அந்த விரலைப் பார்த்ததால்தான். எந்த வாக்குத்தத்த அட்டையும் காரணம் இல்லை.

அட்டையைத் திட்டுகிறேன் என்று கோபப்பட வேண்டாம். காலை ஆறு மணிக்குச் சூரியன், ரோஜாப்பூ, ஒரு வசனம் என்று வருகிறதே, அதை நானும்தான் பார்க்கிறேன். மகள் எஸ்பிஎம் பள்ளி இறுதித் தேர்வு எழுதிய வாரத்தில் 121 வந்தது, "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக". உண்மையிலேயே தைரியமாக இருந்தது. யாரோ பொறுமையாக உட்கார்ந்து தினமும் அனுப்புகிறார்கள், அவர்களுக்கு நன்றி.

ஆனால் 2021 ஆகஸ்டையும் மறக்க முடியவில்லை. கோவிட் உச்சத்தில் இருந்த மாதம். அம்மா போனார். முகம் பார்க்கவில்லை. தூரத்தில் நின்று, கவச உடை போட்டவர்கள் இறக்குவதைப் பார்த்தோம். அன்று மட்டும் என் கைப்பேசிக்கு 14 அட்டைகள் வந்தன, எல்லாமே 91-ம் சங்கீதம். "வாதை உன் கூடாரத்தை அணுகாது." எங்கள் கூடாரத்தை அணுகிவிட்டதே ஐயா, எங்கே போய்ச் சொல்வது? ஒருவர் ஒரு படி மேலே போய், "அம்மா தினமும் 91 படிக்கவில்லையா சிஸ்டர்?" என்று குரல் பதிவு அனுப்பினார். படித்தார். ஐந்து ஆறு மாதத்துக்கு ஒரு முறை, வரிசையில் வரும்போது படித்தார், உங்களைவிட அதிகமாகவே படித்தார்.

91-ஐ எடுத்து இப்படி நெஞ்சில் குத்துவது புதிதும் இல்லை. இயேசுவிடம் தேவாலயத்து உச்சியிலிருந்து குதிக்கச் சொன்னவன் காட்டிய வசனம் எது? அதே 91-தான், 11-ம் 12-ம் வசனங்கள். மத்தேயு 4-ஐத் திறந்து பாருங்கள். சாத்தானுக்கும் பிடித்த வசனங்களைத்தான் தேர்ந்தெடுக்கத் தெரிந்திருந்தது. இயேசு சிலுவையில் சொன்னதோ 22-ம் 31-ம் சங்கீத வரிகள். அந்த நேரத்தில் யாராவது மைக்கை அணைத்திருந்தால்?

சரி, கோபம் எழுத வைக்கிறது. எனக்கு வந்த கேள்விகளில் பதில் சொல்ல வேண்டியவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

"எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள் என்று பவுல் சொல்லவில்லையா?" சொன்னார். "அழுகிறவர்களுடனே அழுங்கள்" என்று சொன்னதும் அவரே. லாசரு இறந்தபோது இயேசு கண்ணீர் விட்டார், அவருக்கு விசுவாசம் குறைவா?

"புதிதாக வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்?" இதைச் சொன்னவரை மதிக்கிறேன், நல்ல மனதுடன்தான் சொன்னார். ஆனால் நம் ஊரில் புதிதாக வருகிறவர் யார்? மகன் குடிக்கிறான் என்று வருகிறார், கணவனுக்கு டயாலிசிஸ் என்று வருகிறார், தாமான் வீட்டுக் கடன் கட்ட முடியவில்லை என்று வருகிறார். அவர் உள்ளே நுழையும்போது எல்லாரும் சிரித்துக்கொண்டே இருந்தால் இது நமக்கான இடமில்லை என்று திரும்பிவிட மாட்டாரா? எனக்குத் தெரிந்து இரண்டு பேர் அப்படித் திரும்பிப் போனார்கள்.

"துக்கத்தில் இருக்கிறவர் இருட்டிலேயே தங்கிவிடக் கூடாது இல்லையா?" இதில் நியாயம் இருக்கிறது. இருக்கட்டும். ஆனால் 40 நாளில் எழுந்து ஆட வேண்டும் என்று எந்தச் சங்கீதத்தில் எழுதியிருக்கிறது?

"கத்தோலிக்கர் மாதிரிப் பேசுகிறாய்" என்று ஒருவர் தனியாக எழுதியிருந்தார். என் பள்ளித் தோழி கத்தோலிக்கர்தான். அவர்கள் திருப்பாடல் என்பார்கள், நாம் சங்கீதம் என்போம். அவர்களுடைய குருக்களும் கன்னியரும் தூங்கப் போகுமுன் சொல்லும் செபத்தில் வெள்ளிக்கிழமைக்கு என்று வைத்திருப்பது எது என்று தோழியிடம் கேட்டேன். இதே 88. வாராவாரம், வெள்ளிக்கிழமை இரவு. நம் சபையில் 10-ம் வசனத்தைத் தாண்ட முடியாததும் ஒரு வெள்ளிக்கிழமை இரவில்தான். சரி, அப்படியானால் அவர்கள் மாதிரியே பேசுகிறேன், என்ன இப்போது?

கடைசியாக ஒன்று, ஊழியர்களைக் குறை சொல்லாதே என்பதற்கு எடுத்துக் காட்டும் வசனம். "அபிஷேகம் பண்ணப்பட்டவர்களைத் தொடாதே." இது வரும் என்று எனக்குத் தெரியும், இதோ வந்துவிட்டது. அதுவும் சங்கீதம்தான், 105. பரவாயில்லை, இதை மட்டும் எல்லாரும் மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறீர்கள். கொஞ்சம் மேலே போய் 12-ம் வசனத்திலிருந்து வாசியுங்கள். கொஞ்சப் பேராய், பரதேசிகளாய், தேசம் விட்டு தேசம் அலைந்தவர்களுக்காக ராஜாக்களைக் கடிந்துகொண்டு சொன்ன வார்த்தை அது. அந்த வரியில் நம் ஊரில் யார் ராஜா, யார் பரதேசி என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். கப்பலேறி வந்த நம் பாட்டன் பூட்டனை நினைத்துக்கொண்டு பாருங்கள்.

எனக்கு யார் மேலும் பகை இல்லை. வருத்தம் இருக்கிறது. அம்மா போனபோது அட்டை அனுப்பிய 14 பேரில், கட்டுப்பாடெல்லாம் தளர்ந்த பிறகு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் இந்த அக்கா. ஒன்றும் பேசவில்லை. வாழைக்காய் பஜ்ஜி கொண்டுவந்தார், சாப்பிட வைத்துவிட்டுப் போனார். அவர் குரலை அடக்க நான் கை தட்டியதைத்தான் இந்த மூன்று நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மாவின் வேதம் இப்போது என்னிடம் இருக்கிறது. வெட்டுக் கோட்டில் காய்ந்த ஒட்டுப்பாலை உரித்தால் நாடா மாதிரி வரும், அதைத்தான் அடையாளத்துக்கு வைப்பார். சூட்டில் அது இளகி, பல இடத்தில் பக்கங்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன. மூக்கருகே கொண்டுபோனால் இன்னும் ரப்பர் ஸ்டோர் வாசம் அடிக்கிறது. 88 இருக்கிற தாளும் ஒட்டியிருந்தது. நேற்று இரவு வெண்ணெய்க் கத்தியை விட்டு மெதுவாகப் பிரித்தேன். ஓரத்தில் கொஞ்சம் கிழிந்தது, எழுத்து தப்பித்தது.

இன்று காலை அதை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அடுக்களையில் உட்கார்ந்து 11-லிருந்து மீதி எட்டு வசனத்தையும் வாசித்தோம். அக்கா வாசித்தார், நான் வரிக்கு அடியில் விரல் வைத்துக்கொண்டு போனேன். "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்று முடிந்ததும் அக்கா எதுவும் சொல்லவில்லை. அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. எழுந்து போய் கோப்பி கலக்கினார்.

நான் செருப்பு மாட்டும்போதுதான் கேட்டார், "நாளைக்கு 89 தானே? 52 வசனம் இருக்கு, கொஞ்சம் வெள்ளன வா."