ப்ரோபா-3: விலகிப் பறப்பது தோல்வி அல்ல

“ப்ரோபா-3 செயற்கைக்கோள்கள் இரண்டும் பெரும்பாலான நேரம் தனித்தனியாகத்தான் பறக்கின்றன, திட்டம் தோல்வி” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி பரவுகிறது. முதல் பாதி சரி, முடிவு தவறு.

2024 டிசம்பர் 5 அன்று பிஎஸ்எல்வி-சி59 ஏவிய இந்த ஐரோப்பிய ஜோடி, சூரியப் புறவளிமண்டலத்தைப் படமெடுப்பதற்கானது. இது பூமியை ஒருமுறை சுற்ற 19.7 மணி நேரம் ஆகும். அதில் சுமார் 6 மணி நேரம், 60,000 கி.மீ. உயரத்தை ஒட்டி மட்டும் இரண்டும் துல்லியமான இடைவெளியில் ஒரே நேர்கோட்டில் அணிவகுப்பது என்பதே ஆரம்பத் திட்டம். பூமியை நெருங்கும்போதும் அணியைப் பிடித்துவைத்தால் எரிபொருள் சீக்கிரம் தீர்ந்துவிடும். அதனால் பாதுகாப்பான இடைவெளியில் விட்டு, அப்புறம் மறுபடி சேர்ப்பார்கள்.

சரி, திறமையை எப்படி அளப்பது? அந்த 6 மணி நேரத்தில் நிலை எவ்வளவு பிசகுகிறது என்பதை வைத்துத்தான். 150 மீட்டர் இடைவெளியில் மில்லிமீட்டர் துல்லியம் வேண்டும். ஒரு செயற்கைக்கோளில் உள்ள 1.4 மீட்டர் வட்டு சூரியனை மறைக்க, அந்த வட்டின் நிழல் மற்றதில் உள்ள படக்கருவியின் 5 செ.மீ. துளைமேல் விழவேண்டும். நூலளவு நழுவினாலும் சூரிய வெளிச்சம் புகுந்து படம் கெட்டுவிடும். 2025 ஜூனில் வெளியான சூரியப் புறவளிமண்டலப் படங்கள் அபாரமான தெளிவு!

ஐரோப்பிய விண்வெளி முகமையின் ப்ரோபா-3 பக்கத்தில் இவற்றைச் சரிபார்க்கலாம். அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.