பீங்கான் ஜாடிக்கு ஒரு பிளாஸ்டிக் பை போதுமா?

பார்சலை வாங்குகிறவர்தான் கவனமாகப் பார்த்து வாங்க வேண்டும் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள், அதை என்னால் ஏற்க முடியவில்லை. போன மாதம் அம்மாவுக்கு நார்த்தங்காய் ஊறுகாய் போட ஆன்லைனில் ஒரு பீங்கான் ஜாடி வாங்கினேன். அட்டைப்பெட்டிகூட இல்லை. ஒரு சுற்று பபிள் ஷீட், மேலே பிளாஸ்டிக் பை, அவ்வளவுதான். அம்பாசமுத்திரம் வந்து சேர எத்தனை வண்டி மாறியிருக்கும், எப்படி உடையாமல் இருக்கும்? எங்கள் பக்கத்து காருகுறிச்சியில் மண்பானை ஏற்றுகிறவர்கள் இடையிடையே வைக்கோல் திணித்துத்தான் அடுக்குவார்கள், அந்த அக்கறையில் பாதி இருந்தால்கூடப் போதும்.

கேட்டால், கொரியரில் உடைந்ததற்கு நாங்கள் பொறுப்பில்லை என்றார் விற்றவர். நல்லவேளை, மேலே ஒட்டிய சீட்டு தெரிகிற மாதிரி பிரிக்கும்போதே வீடியோ எடுத்திருந்தேன். அப்புறம் 2020 மின்வணிக விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதிய பிறகுதான் பணம் திரும்பி வந்தது. அதற்கும் மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள், தமிழிலேயே பேசலாம். பணம் கைக்கு வரும்வரை உடைந்த துண்டுகளைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.