கல்லு வச்ச பழம்

நேற்றுக் காலை சைக்கிளில் வத்தல்மலை ஏறி இறங்கி டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது, கூட ஓட்டும் தம்பி கேட்டான். "அண்ணா, போகாச்சர் சுத்தமாத்தான் ஓட்டறாரா, இல்ல ஊசியா?" டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்ற ஸ்லோவேனிய வீரர் போகாச்சர் ஊக்கமருந்து எடுக்கிறாரா என்பதுதான் கேள்வி. எனக்கு அங்கே சரியாகப் பதில் வரவில்லை. ராத்திரி முழுக்க அதே யோசனை.

அவன் கேட்டதில் தப்பே இல்லை. 1998-ல் இத்தாலிய வீரர் பாண்டானி பிரான்ஸில் பிளாட்டோ டி பெய் மலையை ஏறிய நேரத்தை, 2024 டூர் டி பிரான்ஸில் போகாச்சர் மூன்று நிமிடத்துக்கும் மேலாக முறியடித்தார். பாண்டானி ஓட்டியது ஈபிஓ கொடிகட்டிப் பறந்த காலம். ரத்தத்தில் சிவப்பணுவைக் கூட்டிவிடும் மருந்து அது. ஆக்சிஜன் அதிகம் போகும், ஏற்றத்தில் கால் சோராது. அதைக் கண்டுபிடிக்க அன்றைக்குச் சோதனையே கிடையாது. ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு 50 சதவீதத்தைத் தாண்டினால் ஓட்டக்கூடாது என்று 1997-ல் ஒரு வரம்பு மட்டும் வைத்தார்கள். 1999-ல் இத்தாலியின் பெரிய பந்தயமான ஜிரோவில் முதலிடத்தில் இருந்த பாண்டானியை வீட்டுக்கு அனுப்பியது அந்த வரம்புதான்.

இன்றைக்குச் சைக்கிள் வேறு, டயர் வேறு, சாப்பாடும் வேறு. ஓடும்போதே மணிக்கு 100 கிராமுக்கு மேல் மாவுச்சத்து எடுக்கிறார்கள். 2008 முதல் ஒவ்வொரு வீரரின் ரத்த அளவுகளையும் தொடர்ந்து பதிவு செய்கிறார்கள். போகாச்சர் எந்தச் சோதனையிலும் சிக்கியதில்லை. ஆதாரம் இல்லாமல் அவரைத் திருடன் என்று சொல்ல என் வாய் வராது.

ஆனால் "சோதனையில் மாட்டவில்லை" என்ற வார்த்தையை ஏற்கெனவே ஒருவர் செல்லாக்காசாக்கிவிட்டார். அமெரிக்க வீரர் ஆர்ம்ஸ்ட்ராங் வருடக்கணக்கில் சொன்னது அதைத்தான். 1999 முதல் 2005 வரை வென்ற ஏழு டூர் பட்டங்களும் 2012-ல் பறிபோயின, 2013 ஜனவரியில் வாயாலேயே ஒப்புக்கொண்டார். அவருடைய மஞ்சள் ரப்பர் வளையத்தைக் கையில் போட்டுக்கொண்டு திரிந்தவன் நான். அன்றைக்குக் கழற்றிய வலி இன்னும் போகவில்லை.

காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் மாமாவுக்கு மாந்தோப்பு. செந்தூராவை வைக்கோலில்தான் பழுக்க வைப்பார். ஆனாலும் வாங்க வருகிறவர்கள் முகர்ந்து பார்த்து, "கல்லு வச்சதாங்க?" என்பார்கள். கார்பைடு கல் வைத்தது எவனோ, பதில் சொல்வது இவர். முன்பெல்லாம் கோபப்படுவார். இப்போது ஒரு பழத்தை அறுத்துக் கையில் கொடுத்துவிடுகிறார். வீரர்களிடமும் அணிகளிடமும் நான் கேட்பது இதைத்தான். கேள்வி கேட்டவன் மேல் பாயாதீர்கள், பெடலில் எத்தனை வாட் மிதித்தீர்கள், ரத்த அளவு என்ன என்று எடுத்து வையுங்கள்.

எனக்கு அதிகம் மனசு வலிப்பது கிறிஸ்டோஃப் பாசோன்ஸை நினைத்துத்தான். ஃபெஸ்டினா என்ற சைக்கிள் அணியில் ஓட்டியவர். 1998-ல் அந்த அணி மருந்தோடு பிடிபட்டபோது, இவன் மட்டும் எதையும் தொடவில்லை என்று கூட ஓட்டியவர்களே சொன்னார்கள். அடுத்த வருடம், விளையாட்டு இன்னும் திருந்தவில்லை என்று பத்திரிகையில் எழுதினார். சக வீரர்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஓடும் பந்தயத்திலேயே ஆர்ம்ஸ்ட்ராங் பக்கத்தில் வந்து, வீட்டுக்குப் போ என்றார். பாதியில் டூரை விட்டுப் போனார், 2001-ல் தொழில்முறைப் பந்தயத்தையே விட்டார். அந்த ஏற்றங்களில் அவர் எத்தனையாவதாக வந்திருக்க வேண்டியவர் என்று இனி யாராலும் கணக்குப் போட முடியாது.

அடுத்த ஞாயிறு மலைக்கு வரும்போது தம்பியிடம் இவர் கதையைத்தான் முதலில் சொல்லப்போகிறேன்.