வயல் யாருடையது என்று கேட்டது தப்பா?

தென்னாப்பிரிக்காவில் குடியேறிய டச்சு வழி வெள்ளையர்களான போயர்களைப் புகழ்ந்து ஒருவர் போட்ட பதிவின் கீழ் நேற்று நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்கு முன்கதை தேவையில்லை. பார்க்காதவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

இங்கிலீஷ்காரனையே தண்ணி குடிக்க வைத்த வீர விவசாயிகள் போயர்களாம். நான் கேட்டது ஒரே கேள்வி: சரி, அவர்கள் உழுத நிலம் யாருடையது? அவ்வளவுதான். "ஆங்கிலேயக் கைக்கூலி" என்று பட்டம் கொடுத்துவிட்டார்கள். கூலி எந்த வங்கிக் கணக்கில் விழுந்தது என்றும் சொன்னால் நன்றாக இருக்கும், வீட்டு வாடகை பாக்கி இருக்கிறது.

போயர் என்றால் டச்சு மொழியில் விவசாயி. அதை நான் மறுக்கவில்லை. 1881இல் மஜூபா மலையில் பிரிட்டிஷ் படையை ஓடவிட்டார்கள், அதுவும் உண்மை. ஆனால் அதே போயர்கள் நடத்திய டிரான்ஸ்வால் குடியரசின் 1858ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? வெள்ளையருக்கும் மற்றவருக்கும் தேவாலயத்திலும் சமத்துவம் கிடையாது, அரசிலும் கிடையாது. இதைத்தான் நீங்கள் "மண்ணின் மைந்தர்களின் ஆட்சி" என்று எழுதுகிறீர்கள். எந்த மண்? யாருடைய மைந்தர்கள்?

1886இல் டிரான்ஸ்வாலின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பகுதியில் தங்கம் கிடைத்தது. அதற்குப் பிறகுதான் லண்டன்காரர்களுக்கு டிரான்ஸ்வாலில் ஜனநாயகம் இல்லையே என்ற கவலை வந்தது. தங்கம் தோண்ட வந்த வெள்ளையர்களுக்கு டிரான்ஸ்வால் அதிபர் குரூகர் ஓட்டுரிமை தரவில்லை என்று கண்ணீர் விட்டார்கள். சுரங்கத்துக்குள் இறங்கித் தோண்டிய கறுப்பர்களின் ஓட்டைப் பற்றி இரண்டு தரப்பும் வாயைத் திறக்கவில்லை. 1899இல் பிரிட்டிஷுக்கும் போயர்களுக்கும் போர்.

"முகாம்களில் செத்த போயர் குழந்தைகளைப் பற்றி ஏன் பேசவில்லை, மனசாட்சி இல்லையா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். பேசுகிறேன் ஐயா. பிரிட்டிஷ் தளபதி கிச்சனர் போயர்களின் பண்ணை வீடுகளைக் கொளுத்தி, பெண்களையும் பிள்ளைகளையும் முகாம்களில் அடைத்தார். சுமார் 28,000 பேர் செத்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். எமிலி ஹாப்ஹவுஸ் என்ற ஆங்கிலேயப் பெண் நேரில் போய்ப் பார்த்து வந்து சொன்னபோது அவர் நாட்டிலேயே அவரைத் துரோகி என்றார்கள். (கேள்வி கேட்டால் துரோகி. எல்லா ஊரிலும் இதே பழக்கம்தான் போலிருக்கிறது.) அந்தக் கொடுமையை நான் ஒரு துளியும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கறுப்பர்களுக்கென்று தனி முகாம்கள் இருந்தனவே, அங்கே பதிவான சாவு மட்டுமே 14,000க்கு மேல். உங்கள் பதிவில் அவர்களுக்கு அரை வரி உண்டா? மனசாட்சி என்னிடம் மட்டும்தான் இருக்க வேண்டுமா?

"காந்தியே பிரிட்டிஷ் பக்கம்தானே நின்றார்" என்கிறார் இன்னொருவர். நின்றார். பக்கத்திலிருந்த பிரிட்டிஷ் காலனியான நேட்டாலில் சுமார் 1,100 இந்தியர்களைத் திரட்டி, அடிபட்ட சிப்பாய்களைத் தூக்கிச் சுமந்தார். அதில் பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகள். 1860இலிருந்து சென்னையில் கப்பலேறிய நம் ஆட்களும் அந்தக் கூலிகளில் உண்டு. பலன்? டிரான்ஸ்வாலில் இந்தியர்களைப் போயர்கள் கேவலமாக நடத்துகிறார்கள் என்று போருக்கு முன் நியாயம் பேசிய அதே பிரிட்டிஷ், ஜெயித்த பிறகு 1906இல் ஒவ்வொரு இந்தியனும் கைரேகை வைத்துப் பதிய வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது.

அதற்குள் பிரிட்டிஷும் போயர்களும் ராசியாகிவிட்டார்கள். 1902 மே 31, போரை முடித்த வெரீனிகிங் ஒப்பந்தம். கறுப்பர்களின் ஓட்டுரிமையைச் சுயாட்சி கொடுத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எட்டாவது பிரிவில் எழுதினார்கள். யாருக்குச் சுயாட்சி? வெள்ளையர்களுக்கு. 1910இல் தென்னாப்பிரிக்க ஒன்றியம் அமைந்தது, போயர் தளபதி போத்தா பிரதமர். 1913இல் நிலச் சட்டம் வந்தது: கறுப்பர்களுக்கு மொத்த நிலத்தில் சுமார் 7 சதவீதம். அந்தப் போத்தா ஆட்சியில்தான் நம் தில்லையாடி வள்ளியம்மை காந்தியின் போராட்டத்தில் சிறைக்குப் போய், காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரியில் 16 வயதில் செத்துப்போனாள். வீர விவசாயிகளுக்கு ஹார்ட்டின் போட்ட தமிழர்களே, அவளுக்கும் ஒன்று போடுங்கள்.

"எங்கேயோ ஆப்பிரிக்காவில் நடந்ததற்கு உனக்கு ஏன் இவ்வளவு எரிகிறது?" என்று கேட்டவருக்கு மட்டும் தனியாகச் சொல்கிறேன்.

எங்கள் அப்பா இருபத்திரண்டு வருடம் ஒரு வயலைக் குத்தகைக்கு உழுதார். சொந்தக்காரர்கள் அண்ணன் தம்பி, ஊர்ப் பெரிய வீடு. பாகத்தகராறு வந்து கோர்ட்டுக்குப் போனார்கள். அண்ணன் ஆள் வந்து எங்கள் நாற்றைப் பிடுங்கிப் போடுவான், தம்பி ஆள் வந்து வாய்க்காலை அடைப்பான். "நீ யார் பக்கம்?" என்று இரண்டு வீட்டிலும் அப்பாவைக் கேட்பார்கள். நான் நடவு பக்கம் என்பார் அவர். ஒருநாள் சமாதானமாகிவிட்டார்கள். பெரிய வீட்டில் கறி விருந்து நடந்தது. மறுவாரம் வயல் கைமாறியது. அப்பாவிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அந்தப் போக அறுப்புக்குக்கூட விடவில்லை. அம்மா வைத்திருந்த இரண்டு ஆட்டையும் அந்த மாதம்தான் விற்றோம்.

அந்த அண்ணன் தம்பியில் யார் நல்லவர் என்று எங்கள் ஊர் டீக்கடையில் இன்றைக்கும் விவாதம் நடக்கிறது. அண்ணன்தான் என்கிறார்கள். கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்தாராம்.