கம்பெனியை அதன் மோசமான காரை வைத்துத் தேர்ந்தெடுங்கள்

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், யாரும் சண்டைக்கு வரக் கூடாது. அஜித் ஓட்டுகிறார் என்ற ஒரே காரணத்துக்காக, கார் பந்தய வீடியோ கேமில் போர்ஷே கம்பெனியை எடுக்காதீர்கள்.

கீழக்கரையில் எங்கள் வாட்ஸப் குழுவில் புது சீசன் பேச்சு எழுந்தாலே "காக்கா (எங்கள் ஊரில் அண்ணனை இப்படித்தான் கூப்பிடுவோம்), எந்தக் கம்பெனி எடுக்கட்டும்?" என்று வரிசையாக மெசேஜ் வந்துவிடும். பாம்பன், தங்கச்சிமடம் பையன்கள் "அண்ணே" என்று தொடங்கி அதே கேள்வியைக் கேட்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் இருக்கிறதே, அந்த 61 நாளும் கேட்கவே வேண்டாம். ஒவ்வொருவருக்கும் தனியாகத் தட்டச்சு செய்ய முடியவில்லை, அதனால் மொத்தமாக இங்கே.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: கிரான் டூரிஸ்மோ 7 என்பது 2022 மார்ச்சில் வந்த பிளேஸ்டேஷன் கேம். அதில் மேனுஃபேக்சரர்ஸ் கப் என்று ஆன்லைன் போட்டி நடக்கிறது. சீசன் தொடங்கும்போது நீங்கள் ஒரு கார் கம்பெனியோடு ஒப்பந்தம் போட வேண்டும். அப்புறம் அந்த சீசன் முழுக்க அவர்கள் கார்தான். முதல் ரேஸில் கடைசியாக வந்துவிட்டு, அடுத்த வாரம் வேறு கம்பெனிக்குத் தாவ முடியாது. கல்யாணமான மாப்பிள்ளை மாதிரி என்று குழுவில் ஒருவன் சொன்னான். அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

சரி, போர்ஷேக்கு வருவோம். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்தின் அணி 992 பிரிவில் மூன்றாவதாக வந்தது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம் ஊர் சபராளிகள் வைத்த ஸ்டேட்டஸைப் பார்த்துப் பார்த்து இங்கே இருந்த பொடியன்களுக்கெல்லாம் போர்ஷே பைத்தியம் பிடித்துவிட்டது. ('தல' என்று கூப்பிட வேண்டாம் என்று 2021இல் அவரே கேட்டுக்கொண்டார், அதனால் பேர் சொல்லியே எழுதுகிறேன்.) சந்தோஷம்தான். ஆனால் அந்த 992, 911 ஜிடி3 கப் கார். போர்ஷே தன்னுடைய ஒற்றை மாடல் பந்தயங்களுக்கென்றே செய்யும் வண்டி. அதில் என்ஜின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்கிக்கொண்டிருக்கும். கேமில் ஜிஆர்.3 என்ற வேகமான பந்தயக் கார் பிரிவில் 2017ஆம் ஆண்டு 911 ஆர்எஸ்ஆரை எடுத்தீர்களானால், அந்தக் காரில் போர்ஷேவே என்ஜினை அச்சுக்கு முன்னால் நகர்த்திவிட்டது. பேர் 911, உருவமும் 911, ஓட்டும் விதம் வேறு. ஆக "அவர் ஓட்டியதை நானும் ஓட்டுகிறேன்" என்ற திருப்திகூட முழுசாகக் கிடைக்காது. ரசிகனாக இருப்பதற்கு போஸ்டர் போதும், ஒப்பந்தம் தேவையில்லை.

இன்னொரு கூட்டம் ஆடி (Audi) கம்பெனிக்கு. காரணம் எனக்குத் தெரியும். நம் ஊர்க் கல்யாணங்களில் மாப்பிள்ளைக்கு வாடகைக்கு எடுக்கும் வண்டியைப் பார்த்து வளர்ந்தவர்கள். ஆடி ஆர்8 எல்எம்எஸ் அருமையான கார், மறுக்கவில்லை. நடுவில் 5.2 லிட்டர் வி10, லம்போர்கினி ஹுராகனில் இருக்கும் அதே குடும்பத்து என்ஜின். சத்தமே போதும். அந்த ஆர்8ஐ மனதில் வைத்து ஆடியோடு ஒப்பந்தம் போடுவார்கள். ஆனால் மேனுஃபேக்சரர்ஸ் கப் ஜிஆர்.3 பிரிவில் மட்டும் நடப்பதில்லை, அதைவிட வேகம் குறைந்த ஜிஆர்.4 பிரிவிலும் ரேஸ் வரும். அங்கே ஆடி என்றால் டிடி கப். முன்சக்கரம் இழுக்கும் கார்.

முன்சக்கர இழுவைக் காரை ரேஸில் ஓட்டிப் பார்க்காதவர்களுக்கு அது எவ்வளவு வேறு உலகம் என்று புரியாது. பிரேக்கின் பெரும்பகுதிச் சுமை, திருப்புதல், என்ஜின் சக்தி எல்லாம் முன் டயர் இரண்டின் தலையில். வளைவிலிருந்து வெளியே வரும்போது ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் அவசரமாக மிதித்தால் மூக்கு வெளிப்பக்கம் ஓடும். பின்சக்கர இழுவைக் காரில் பழகியவன் வாலைச் சுழற்றித் திருத்திக்கொள்ளப் பார்ப்பான், இங்கே அந்த வித்தை எடுபடாது. டயர் தேய்மானத்தை ஏற்றி வைத்த நீள ரேஸில் முன் டயர் சீக்கிரம் போய்விடும், பின் டயர் புதுசு போலவே இருக்கும். ரெனோவிலும் இதே கதை. ஆர்.எஸ்.01 ஜிடி3 நடு என்ஜின் கார், அதே ஒப்பந்தத்தில் ஜிஆர்.4க்கு வரும் மெகானோ முன்சக்கர இழுவை. இரண்டையும் ஒரே சீசனில் ஒரே கை ஓட்ட வேண்டும்.

நான் இத்தனை நீட்டுவது இதற்காகத்தான். எல்லோரும் ஒரு கம்பெனியின் நல்ல காரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியது அந்தக் கம்பெனியின் மோசமான காரை. பாம்பனில் நாட்டுப்படகுக்கு என்ஜின் வாங்கப் போகும் பெரியவர்களைப் பாருங்கள். கடல் குளம் மாதிரி கிடக்கும் நாளில் அது எத்தனை வேகம் போகும் என்று கேட்கவே மாட்டார்கள், கச்சான் காற்று அடிக்கும்போது பாதிக் கடலில் நின்றுபோகுமா என்றுதான் கேட்பார்கள். சீசனும் அப்படித்தான். உங்களுக்குப் பிடித்த காரில் நீங்கள் எப்படியும் நாலு புள்ளி எடுத்துவிடுவீர்கள். பிடிக்காத கார் வரும் வாரத்தில் எத்தனையாவதாக வந்தீர்கள் என்பதில்தான் சீசன் முடிவாகிறது.

இந்தக் கணக்கில் பார்த்தால் யாரும் அதிகம் சீண்டாத ஆல்ஃபா ரோமியோவுக்கு ஒரு நியாயம் கிடைக்கிறது. ஜிஆர்.3, ஜிஆர்.4 இரண்டிலும் 4சி, இரண்டிலும் என்ஜின் நடுவில், இழுவை பின்னால். ஃபெராரி 458, லம்போர்கினி ஹுராகன், ஹோண்டா என்எஸ்எக்ஸ் வகையறாவும் அப்படியே. ஒரு பிரிவில் கற்றது மறு பிரிவிலும் கைகொடுக்கும். எங்கே பிரேக்கை மெதுவாக விட வேண்டும், எந்த இடத்தில் பின்பக்கம் வெட்டும் என்பது கைக்குத் தெரிந்துவிடும். வேகம் அரை வினாடி குறைவாகவே இருக்கட்டும். மறுவாரம் எல்லாவற்றையும் மறந்து புதுசாகப் பழக வேண்டிய தொல்லை இல்லை.

"ஆனா காக்கா, எது ஃபாஸ்ட்?" என்பான் ஒருவன். யூடியூபில் எல்லாக் காரையும் ஒரே டிராக்கில் ஓட்டி நேரம் போட்டுப் பட்டியல் வைத்திருப்பார்கள். அந்தப் பட்டியலை நம்பி ஒப்பந்தம் போடுபவர்களைக் கண்டால் எனக்குப் பாவமாக இருக்கும். பேலன்ஸ் ஆஃப் பெர்ஃபார்மன்ஸ், சுருக்கமாக பிஓபி, இருப்பதே அந்தப் பட்டியலைக் கலைக்கத்தான். இது கேம்காரர்கள் கண்டுபிடித்தது அல்ல, நிஜப் பந்தயத்திலிருந்து வந்தது. ஸ்டெஃபான் ரடேலின் எஸ்ஆர்ஓ நிறுவனம் 2006இல் ஜிடி3 பிரிவைத் தொடங்கியபோது, என்ஜினை முன்னால் வைத்த கனமான காரும் பின்னால் வைத்த சின்னக் காரும் ஒரே ரேஸில் மோத வேண்டும் என்றால் எடையையும் சக்தியையும் ஏற்றி இறக்கிச் சமன் செய்தால்தான் ஆகும் என்ற நிலை. பென்ட்லி கான்டினென்டல் போர்ஷே 911க்குப் பக்கத்தில் ஓடியதே இந்த ஏற்பாட்டால்தான். கேமிலும் அப்டேட் வரும்போது எண்கள் மாறும். இந்த மாதம் ராஜாவாக இருக்கும் காருக்கு அடுத்த மாதம் எடை கூடும். உங்கள் ஒப்பந்தம் மட்டும் அப்படியே இருக்கும்.

அதோடு அந்தப் பட்டியலைப் போட்டவர் உலகத் தரத்தில் ஓட்டுபவர். அவர் கையில் கடைசிச் சொட்டு வேகத்தைக் கொடுக்கும் கார், நம் கையில் மூன்றாவது லேப்பில் மணலில் கிடக்கும். 2020இல், இதற்கு முந்தைய கேமான கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட்டில், ஜப்பானின் டகுமா மியாசோனோ என்ன செய்தார் என்று பாருங்கள். சுபாருவுக்காக மேனுஃபேக்சரர் சீரிஸை வென்றார், தனிநபருக்கான நேஷன்ஸ் கப்பை வென்றார், எல்லோரும் ஒரே சூப்ராவில் ஓட்டிய ஜிஆர் சூப்ரா கப்பையும் வென்றார். மூன்றும் ஒரே ஆண்டில். எல்லோருக்கும் ஒரே கார் கொடுத்தாலும் முதலில் வருகிறவர் எந்தக் கம்பெனிச் சட்டை போட்டாலும் வருவார். நம் ரோட்டில் நான் ஒரு சுபாருவைக்கூடப் பார்த்ததில்லை, அதனால் எங்கள் குழுவில் அதைக் கேட்டு ஒருவரும் வருவதில்லை. வந்தால் நல்லது. அவர்களின் ஜிஆர்.4 டபிள்யூஆர்எக்ஸ் நான்கு சக்கர இழுவை, தொடக்கக்காரர்களை அவ்வளவாகச் சுழற்றி அடிக்காது.

கூட்டம் குறைவான கம்பெனியாக எடுத்தால் அந்தக் கம்பெனி சார்பில் பெரிய போட்டிக்குப் போகும் வாய்ப்பு அதிகம் என்று ஒரு வாதம் உண்டு. வாதம் சரிதான். ஒவ்வொரு கம்பெனிக்கும் மேலே போவது ஒரு சிலர்தான், டொயோட்டா வரிசை நீளம், வேறு சில வரிசைகள் குட்டை. ஆனால் மனசைத் தொட்டுச் சொல்லுங்கள், நம்மில் யார் அந்த வரிசையின் தலையில் நிற்கிறோம்? அந்த உயரத்தில் இருக்கும்போது அந்தக் கவலையைப் படலாம். இப்போதைக்குக் கூட்டம் இருக்கும் கம்பெனியில் ஒரு லாபமும் இருக்கிறது. பார்த்துக் கற்க ரீப்ளே நிறையக் கிடைக்கும்.

அடுத்தது யாரும் பேசாத விஷயம், ஆனால் நம் கடற்கரையில் இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. உங்கள் கையிலும் காலிலும் என்ன இருக்கிறது? மாமா சபரிலிருந்து வரும்போது கொண்டுவந்த ஜி29 ஸ்டியரிங்தான் இங்கே பாதிப் பேரிடம். அதன் பெடலுக்குள் இருப்பது பொட்டென்ஷியோமீட்டர், அதாவது பெடலை எவ்வளவு மிதித்தோம் என்று உரசி அளக்கும் சின்னப் பாகம். தூசியும் உப்புக் காற்றும் உள்ளே போய்விட்டால் பெடல் நடுங்கும். நீங்கள் பாதி பிரேக் மிதிப்பீர்கள், கேம் ஒரு கணம் முழு பிரேக் என்று நினைக்கும், அடுத்த கணம் ஒன்றுமில்லை என்று நினைக்கும். மண்டபம் ஊரில் கடலுக்கு முதுகு காட்டி வீடு கட்டியவர்களுக்குக்கூட இதிலிருந்து விடுதலை இல்லை. ஸ்க்ரூ துருப்பிடிப்பது தனிக் கதை, யூஎஸ்பி முனை பச்சை பூப்பது இன்னொரு கதை. கான்டாக்ட் கிளீனர் அடிக்கலாம், பயன்படுத்தாதபோது துணி போட்டு மூடலாம், அடுத்த ஆடி மாசக் காற்றுக்கு மறுபடி வரும்.

இப்படி நடுங்கும் பெடலை வைத்துக்கொண்டு, வளைவுக்குள் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் மட்டுமே சொன்னபடி கேட்கும் காரை எடுத்தால் என்ன ஆகும்? சுழலும். ஒவ்வொரு லேப்பும் சுழலும். அப்புறம் "கார் சரியில்லை" என்று என்னிடம் வருவீர்கள். பெடல் மோசமாக இருந்தாலோ, ஸ்டியரிங் இல்லாமல் கன்ட்ரோலரில் ஓட்டினாலோ, என்ஜின் முன்னால் இருக்கும் கனத்த கார்கள் பக்கம் போங்கள். மெர்சிடிஸ் ஏஎம்ஜி ஜிடி3 மாதிரி, பிஎம்டபிள்யூ எம்4 மாதிரி. நீளமான மூக்கு, வளைவின் உள்முனை கண்ணில் படவே கொஞ்சம் நாளாகும், ஆனால் பின்பக்கம் சட்டென்று காலை வாராது. இதைக் கேவலமாக நினைக்கத் தேவையில்லை. நிஜப் பந்தயத்திலேயே பணம் கட்டி ஓட்டும் அமெச்சூர்கள் தங்கள் கையை மன்னிக்கும் காரைத்தான் தேடுகிறார்கள்.

கம்ப்யூட்டரில் ஓட்டுபவர்களுக்கு இரண்டு வரி. ஐரேசிங் என்ற கேமில் கம்பெனி ஒப்பந்தம் இல்லை, ஆனால் மாதச் சந்தாவுக்கு மேல் காரையும் டிராக்கையும் தனித்தனியாக வாங்க வேண்டும். ஒரு காருக்கே ஏறக்குறைய 12 டாலர். அங்கே பணமே ஒப்பந்தம். ஆகவே ஜிடி3 காரை உடனே வாங்காமல், சந்தாவோடு வரும் மஸ்தா எம்எக்ஸ்-5இல் சில மாதம் கிடந்து பழகுங்கள். 2019இல் வந்த அசெட்டோ கோர்சா கோம்பிடிசியோனேயில் இந்தத் தலைவலி குறைவு. ஒரு விலைக்கு ஒரு பெரிய கூட்டமே கார்கள் கிடைக்கும், ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்த்து முடிவெடுக்கலாம். அதில் செட்டப்பையும் மாற்ற முடியும் என்பதால், பக்கத்துத் தெருவில் அதே காரை ஓட்டும் ஒருவர் இருப்பது பெரிய உதவி. இணையத்தில் வாங்கும் செட்டப் ஃபைலைவிட, "பின் விங்கை ரெண்டு கிளிக் ஏத்துடா" என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லும் மச்சான் மேல்.

பதிவு செய்யும் முன் ஒரு வேலை செய்யுங்கள். மனதில் இருக்கும் கம்பெனியின் இரண்டு பிரிவுக் காரையும் சுசூகா டிராக்கில் எடுத்து ஓட்டுங்கள். வேகமான வளைவு, மெதுவான வளைவு, இடவலமாகத் தொடர்ந்து வரும் எஸ் வளைவுகள் எல்லாம் அங்கே இருக்கின்றன, கார் எதையும் மறைக்க முடியாது. நல்ல லேப் நேரத்தைப் பார்க்காதீர்கள். ஒரு டேங்க் பெட்ரோல் தீரும் வரை நிறுத்தாமல் ஓட்டிவிட்டு, மோசமான லேப் எவ்வளவு மோசம் என்று பாருங்கள்.

கடைசியாக ஊர் விஷயம். அசெட்டோவில் நாங்கள் நடத்தும் சின்ன லீக் வழக்கம்போல இஷா தொழுகைக்கு அப்புறம், நோன்பு மாசத்தில் தராவீஹ் தொழுகை முடிந்து. ஒரு கம்பெனிக்கு இரண்டு பேர்தான் என்ற விதியில் மாற்றமில்லை, யாரும் சிபாரிசோடு வர வேண்டாம். இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கரண்ட் போனால் அந்த ரேஸ் புள்ளி போனதுதான். போர்ஷேயும் ஆடியும் நிறைந்துவிட்டன. மெர்சிடிஸில் ஓரிடம் இருக்கிறது. பென்ட்லியில் இரண்டு இடமும் காலி, அதில் ஒன்றை நானே எடுக்கலாம் என்று இருக்கிறேன், இன்னொன்றுக்கு ஆள் வேண்டும்.